தலை இல்லாத காசுகள்

ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் வாளி நிறையக் காசு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிலோ விலைக்கு விற்கிறார். நம்மூரில் வேர்க்கடலை நிறுப்பதுபோலக் கரண்டியால் அள்ளித் தராசில் போடுகிறார். பெரும்பாலும் ஜெர்மனியின் பழைய ஃபெனிக் காசுகள். நடுநடுவே இத்தாலிய லீரா, ஆஸ்திரிய ஷில்லிங், நடுவில் துளையிட்ட டென்மார்க் காசு. கையை விட்டுத் துழாவினால் விரல்களில் கறுப்பு ஏறுகிறது. அரைக் கிலோ வாங்கினேன். செய்தித்தாளை விரித்துக் கொட்டி, பிரித்து அடுக்க உட்கார்ந்ததில் மூன்று மாலைகள் போயின.

கீழே வருபவை அந்த மாலைகளிலும் அதற்குப் பிறகும் எழுதி வைத்தவை. வரிசை பார்த்து எழுதவில்லை.

*

நான் சேர்ப்பது சில்லறை மட்டும். நூறு ஃபெனிக் சேர்ந்தால் ஒரு மார்க். 1, 2, 5, 10, 50 ஃபெனிக்கோடு மேற்கு ஜெர்மனிச் சில்லறை முடிந்துவிடும். கிழக்கில் 20 ஃபெனிக்கும் உண்டு. காலம், 1945க்குப் பிறகு.

வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பவர்கள் ஏராளம். அந்தக் காசுகளில் பல அச்சான நாளிலிருந்து பெட்டிக்குப் பெட்டி மாறியவை. சந்தைக்குப் போனதில்லை, குழந்தை கையில் வியர்த்ததில்லை. ஒரு ஃபெனிக் அப்படியல்ல. ரொட்டிக்கடை மேசை, தேவாலய உண்டியல், கோட்டுப்பையின் கிழிந்த மூலை எல்லாம் பார்த்துவிட்டு வருகிறது. தோற்றுப்போன, இடிந்துபோன, பெயர்கூட இல்லாதிருந்த ஒரு நாடு மறுபடி எழுந்த கதையை அறிய, அந்த நாட்டின் ஆகக் குறைந்த காசைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

*

பூவா தலையா போட இந்தக் காசுகள் உதவாது. தலையே இல்லை. மன்னர் இல்லை, தலைவர் இல்லை. 1, 2, 5, 10 ஃபெனிக் காசுகளின் ஒரு பக்கத்தில் ஐந்து இலை விட்ட ஓக் கன்று; மறுபக்கத்தில் மதிப்பைச் சொல்லும் எண், இருபுறமும் தானியக் கதிர். வரைந்தவர் அடால்ஃப் யேகர். மேற்கு ஜெர்மனியின் அன்றாடப் புழக்கக் காசில் மனிதத் தலை முதலில் வந்தது 1957இல், இரண்டு மார்க் காசில். அதுவும் அரசியல்வாதி அல்ல, மாக்ஸ் பிளாங்க் என்ற இயற்பியல் அறிஞர். சில்லறைக்குக் கடைசிவரை ஓக் கன்றுதான்.

50 ஃபெனிக்கில் மட்டும் ஓர் ஆள் உண்டு. அவரைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

*

முதலில் துத்தநாகம்.

போர் நடக்கும்போதே செம்பும் நிக்கலும் ஆயுதத்துக்குப் போய்விட்டன. சில்லறை துத்தநாகத்தில் வந்தது: ஹிட்லர் ஆட்சியின் கழுகு, அதன் கால்களுக்குக் கீழே ஸ்வஸ்திகா. 1945இல் ஆட்சி விழுந்தது. ஆனால் மறுநாள் காலையும் ரொட்டிக்குச் சில்லறை வேண்டுமே. நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் செய்தது எளிமையான வேலை. அதே 1, 5, 10 ரைக்ஸ்ஃபெனிக் (அன்றைய ஃபெனிக்கின் பெயர்), அதே உலோகம், அதே கழுகு. ஸ்வஸ்திகாவை மட்டும் அச்சிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1948 வரை இப்படியே போனது.

போர்க்காலத்து 10 ரைக்ஸ்ஃபெனிக் ஒன்றையும் 1947ஆம் ஆண்டு 10 ரைக்ஸ்ஃபெனிக் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம் இரண்டுக்கும் ஒன்றே. தொட்டால் வரும் அந்த மந்தமான குளிர்ச்சியும் ஒன்றே. இரண்டாவதில் கழுகு எதையும் பற்றிக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான். ஓர் ஆட்சி அழிந்ததை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறொரு பொருளை நான் கையில் ஏந்தியதில்லை.

சந்தையில் முதல் வகைக் காசை விற்கும் வியாபாரிகள் ஸ்வஸ்திகாவின் மேல் சிறு வட்டத் தாளை ஒட்டி வைக்கிறார்கள். அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதற்கு ஜெர்மனியில் சட்டத் தடை. வரலாற்று ஆய்வுக்கு விலக்கு உண்டு என்றாலும் கடைக்காரர் ஏன் வம்பை விலைக்கு வாங்குவார்? தாள் ஒட்டியது சரி என்றே எனக்கும் படுகிறது.

*

20 ஜூன் 1948, ஞாயிற்றுக்கிழமை. மேற்கு மண்டலங்கள் மூன்றிலும் பழைய ரைக்ஸ்மார்க் செத்து டாய்ச்ச மார்க் பிறந்த நாள். ஆளுக்கு 40 மார்க் கையில் கொடுத்தார்கள்; சில வாரங்கள் கழித்து இன்னொரு 20. நோட்டுகள் அமெரிக்காவில் அச்சாகி, ரகசியமாகக் கப்பலேறி, பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் இறங்கியவை. பெட்டிகளின் மேல் ‘கதவுக் குமிழ்’ என்று எழுதியிருந்ததாம். சுமார் 23,000 பெட்டிகள். உள்ளே எல்லாம் காகிதம். ஒரு காசுகூட இல்லை.

அப்படியானால் திங்கட்கிழமை கடைக்காரர் மீதிச் சில்லறையை எப்படிக் கொடுத்தார்?

இங்கேதான் துத்தநாகக் காசு மறுபடி வருகிறது. பழைய சில்லறை செல்லும், ஆனால் பத்தில் ஒரு பங்கு மதிப்புக்கு என்று விதித்தார்கள். 10 ரைக்ஸ்ஃபெனிக் போட்ட காசு இனி ஒரு ஃபெனிக். 5 ரைக்ஸ்ஃபெனிக் அரை ஃபெனிக். கூடவே 5 ஃபெனிக்குக்கும் 10 ஃபெனிக்குக்கும் பஸ் டிக்கெட் போன்ற குட்டி நோட்டுகள் வந்தன. புதிய காசு அச்சாகி வரும்வரை இந்த ஏற்பாடு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எழுதாமல் விட மனம் வரவில்லை. வங்கியில் சேமித்தவர்களுக்கு இறுதியில் 100 ரைக்ஸ்மார்க்குக்கு 6 மார்க் 50 ஃபெனிக்தான் கிடைத்தது. ஆயுள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்தது நூற்றுக்கு ஆறரையாகச் சுருங்கியது. சமையலறை ஜாடியில் கிடந்த துத்தநாகக் காசுக்கோ நூற்றுக்குப் பத்து. வங்கிக் கணக்கைவிட ஜாடிக்கு அதிகம் மிஞ்சியது. வீடும் நிலமும் இயந்திரமும் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டமே இல்லை. அந்தச் சீர்திருத்தத்தால் கடைகளில் ஒரே இரவில் சரக்கு வந்தது உண்மை. சிகரெட்டைப் பணமாகக் கொடுத்து வாங்கிய காலம் ஒழிந்தது உண்மை. ஆனாலும் சிறு சேமிப்புக்காரர்களுக்கு நடந்தது அநியாயம். அந்த மங்கிய 10 ரைக்ஸ்ஃபெனிக்கைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இதை நினைத்துக்கொள்கிறேன்.

*

பெயர் பற்றி.

காசில் எழுதியிருக்கவேண்டியது நாட்டின் பெயர். 1948இல் மேற்கு மண்டலங்களுக்கு நாடு என்று ஒன்று இல்லை. மூன்று நாடுகளின் படைகள் ஆண்ட நிலப்பரப்பு அது. ஆனால் 1948 மார்ச்சில் ஒரு வங்கி தொடங்கிவிட்டார்கள்: பாங்க் டாய்ச்சர் லெண்டர், அதாவது ஜெர்மன் மாநிலங்களின் வங்கி. ஆகவே புதிய காசுகளின் விளிம்பைச் சுற்றி அந்த வங்கியின் பெயரையே பொறித்தார்கள். 1948, 1949 என ஆண்டு போட்ட ஒரு ஃபெனிக். 1949 போட்ட 5, 10, 50 ஃபெனிக்.

நாட்டுக்கு முன்பே நாணயம் வந்துவிட்டது. 1949 மே 23 அன்று கூட்டாட்சிக் குடியரசு பிறந்தது. 1950 என்று ஆண்டு போட்ட காசுகளில்தான் ‘புண்டெஸ்ரெபுப்ளிக் டாய்ச்லாண்ட்’ என்ற பெயர் ஏறியது. மற்றபடி வடிவத்தில் மாற்றம் இல்லை. அதே கன்று, அதே கதிர்.

சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டையும்தான்: 1949 ஃபெனிக் ஒன்று, 1950 ஃபெனிக் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு தேநீர் விலைகூட ஆகாது.

*

கிழக்கே என்ன எழுதினார்கள்? சோவியத் மண்டலத்தில் 1948 முதல் அச்சான அலுமினியக் காசுகளில் ‘டாய்ச்லாண்ட்’ என்று மட்டும். பற்சக்கரம், அதன் மேல் ஒரு கதிர். அங்கே தனிக் குடியரசு அறிவிக்கப்பட்டது 1949 அக்டோபர் 7. அதற்குப் பிறகும், 1952, 1953 காசுகளில் சுத்தியலும் கவராயமும் நுழைந்த பிறகும், பெயர் ‘டாய்ச்லாண்ட்’ ஆகவே நின்றது. முழு ஜெர்மனிக்கும் உரிமை கோரும் ஒற்றைச் சொல். 1960 போட்ட ஒரு ஃபெனிக்கில் அந்த உரிமைக்கோரல் மறைந்து, ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு என்ற தங்கள் முழுப்பெயரைப் போட்டுக்கொண்டார்கள். பெர்லின் சுவர் எழுந்தது அடுத்த ஆண்டு.

*

இப்போது 50 ஃபெனிக்.

தலையில் துணி கட்டிய ஒரு பெண் மண்டியிட்டு ஓக் கன்று நடுகிறாள். 20 மில்லிமீட்டர் அகலம், மூன்றரை கிராம் எடை. வடித்தவர் ரிச்சர்ட் மார்ட்டின் வெர்னர் என்ற சிற்பி. மாதிரியாக மண்டியிட்டவர் அவர் மனைவி கெர்டா யோ வெர்னர்.

இந்தப் படம் கற்பனை அலங்காரம் அல்ல. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜெர்மனியின் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. போர் இழப்பீடாக மரம் போனது ஒரு பக்கம். 1946-47 குளிர்காலத்தில் நிலக்கரி கிடைக்காமல் ஜனங்கள் விறகுக்கு வெட்டியது இன்னொரு பக்கம். மொட்டையான மலைச்சரிவுகளில் மறுபடி கன்று நட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் இறந்திருந்தார்கள், அல்லது சிறைமுகாம்களில் இருந்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து, கொத்தி, நட்டு, அடுத்த குழிக்கு நகர்ந்த கூலிப் பெண்கள். அவர்களைக் ‘குல்ட்டூர்ஃபிராவன்’ என்று அழைத்தார்கள். வனத்துறையில் குல்ட்டூர் என்றால் நாற்று நட்டுப் பயிராக்கும் வேலை. நமக்கு இதை விளக்கவே வேண்டாம்: நிலத்தைப் பண்படுத்துகிறோம், அதிலிருந்து பண்பாடு வருகிறது. அங்கேயும் அதே மண்ணிலிருந்து அதே சொல்.

வெர்னர் 1949இல் மறைந்தார். அவருடைய காசின் முதல் அச்சிலும் அதே ஆண்டு இருக்கிறது. மனைவி நெடுங்காலம் இருந்தார். அந்தக் காசு நாட்டில் நடமாடிய காலம் முழுவதையும் பார்த்தார். பால் வாங்கப் போனாலும் தபால்தலை வாங்கப் போனாலும் மீதியாகத் தன் உருவத்தையே திரும்ப வாங்கியிருப்பார் அல்லவா? காசில் பெயர் கிடையாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அப்படி. 2001 முடிவோடு மார்க் விடைபெற்றது. கெர்டா யோ வெர்னர் 2004இல் காலமானார். தன் காசைவிட அதிக நாள் வாழ்ந்தவர்.

கோடிக்கணக்கானோர் கையில் இருந்த, யாருக்கும் பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காகவே இந்தச் சேகரிப்பைத் தொடங்கினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

சின்னக் குறிப்பு: 1971 வரையான 50 ஃபெனிக்கின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படும். 1972 முதல் வழவழப்பு.

*

1950 என்று போட்டிருந்தால் 1950இல் அச்சானது என்று நம்பக் கூடாது. 1, 5, 10 ஃபெனிக் காசுகளின் ஆண்டு 1950லேயே நின்றுவிட்டது. 1960களின் நடுப்பகுதிவரை அதே எண்ணை வைத்தே அச்சடித்தார்கள். அடுத்து வரும் ஆண்டு 1966. அதனால்தான் வாளியில் 1950 இவ்வளவு மலிந்து கிடக்கிறது. ‘ஐயோ, எழுபது ஆண்டுப் பழைய காசு’ என்று அதிக விலை கொடுத்துவிடாதீர்கள்.

*

எழுத்துகள். பெரும்பாலான காசுகளில் கடுகளவு ஓர் எழுத்து உண்டு; அது அச்சடித்த நாணயச்சாலையின் குறி. டி என்றால் மியூனிக், எஃப் ஷ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூ, ஜே ஹாம்பர்க். ஏ பெர்லின், போருக்குப் பின் அது கிழக்கின் கைக்குப் போனது. ஈ சாக்சனியில் உள்ள முல்டன்ஹ்யூட்டன். 1953க்குப் பிறகு அந்த எழுத்தே இல்லை. இந்த வரிசை 1870களில் பேரரசு அமைந்தபோது வகுக்கப்பட்டது. பேரரசு போய், குடியரசு போய், ஹிட்லர் போய், நாடு இரண்டாகப் பிளந்தும் எழுத்துகள் மாறவில்லை.

மேற்குச் சில்லறை சேர்ப்பவர்களின் வேலை ஆண்டுக்கு நான்கு எழுத்து என்று குழி நிரப்புவது. என் ஆல்பத்தில் 1960களின் பக்கத்தில் இன்னும் சில குழிகள் காலி. அவசரம் இல்லை.

*

காந்தம் இல்லாமல் சந்தைக்குப் போகாதீர்கள்.

செம்பு நிறத்தில் மின்னும் ஒரு ஃபெனிக்கும், பித்தளை நிறத்து 5, 10 ஃபெனிக்கும் உள்ளே எஃகு. மேலே மெல்லிய முலாம்தான். தாமிரம் கிடைக்காத காலத்தின் ஏற்பாடு அது. வசதி வந்த பிறகும் மாற்றவில்லை. காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முலாம் தேய்ந்த இடத்தில் துரு எட்டிப் பார்க்கும்.

இரண்டு ஃபெனிக் மட்டும் தனி வழி. 1950இலிருந்து அது முழு வெண்கலம், காந்தம் இழுக்காது, எடை 3.25 கிராம். பிறகு அதையும் எஃகுக்கு மாற்றினார்கள், எடை 2.9 கிராம். மாற்றம் நடந்த 1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் இரு வகையும் உண்டு. ஆனால் அதற்கு முந்திய ஆண்டே, 1967இல், கார்ல்ஸ்ரூ நாணயச்சாலை சேகரிப்பாளர்களுக்கான பளபளப்பு அச்சில் எஃகு வகையை அடித்திருக்கிறது. மொத்தம் 520 காசுகள். கண்ணால் பார்த்தால் சாதாரண 1967 ஜி. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் எழுந்து வரும். எதிர்ப்புறமும் உண்டு: 1969இல் ஹாம்பர்க் அடித்த காசுகளில் காந்தத்தில் ஒட்டாதது கிடைத்தால் அது பெரும் அரிது.

வாளியில் நான் இதுவரை காந்தத்தால் சோதித்த இரண்டு ஃபெனிக் காசுகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். இரண்டும் அகப்படவில்லை. தேடுவதை நிறுத்தப்போவதில்லை.

*

சில்லறை உலகின் மன்னன் 50 ஃபெனிக், 1950, ஜி. அந்த ஆண்டில் பெயர் ‘புண்டெஸ்ரெபுப்ளிக்’ என்று மாறியிருக்கவேண்டும். கார்ல்ஸ்ரூவில் 30,000 காசுகள் மட்டும் பழைய வங்கியின் பெயரோடு வெளியேறின. ஆண்டு புதிது, பெயர் பழையது. ஜெர்மன் சேகரிப்பாளர்கள் கையேடுபோல் வைத்திருக்கும் குர்ட் யேகர் பட்டியலில் வங்கிப் பெயர் கொண்ட 50 ஃபெனிக்குக்கு எண் 379. (காசு வரைந்த யேகர் வேறு, பட்டியல் போட்ட யேகர் வேறு.) தேய்ந்த நிலையில்கூட நூற்றுக்கணக்கில் விலை சொல்கிறார்கள்.

அந்த அரிய தன்மையே அங்கே கேடும் விளைவித்தது. 1970களின் நடுவில் கார்ல்ஸ்ரூ நாணயச்சாலைக்குள்ளேயே பழைய அச்சுகளைக் கொண்டு அரிய காசுகளைக் கள்ளத்தனமாக மறுபடி அடித்தது வெளிப்பட்டு, வழக்கு நீதிமன்றம் ஏறியது. இந்த 50 ஃபெனிக்கும், மேலே சொன்ன 1967 எஃகுக் காசும் அதில் அடக்கம். அரசின் அச்சு, அரசின் இயந்திரம்; ஆயினும் கள்ளக்காசு. எது அசல் என்று கேட்கும்போது உலோகத்தையும் அச்சையும் பார்த்தால் போதாது, யார் அதிகாரத்தில் அடித்தது என்பதையும் பார்க்கவேண்டும் என்று அந்த வழக்கைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நிபுணர் சான்று இல்லாமல் இந்த இரண்டு காசையும் யாரிடமும் வாங்காதீர்கள்.

*

கிழக்கின் அலுமினியம்.

ஒரு ஃபெனிக் முக்கால் கிராம். உள்ளங்கையில் வைத்தால் வைத்தது தெரியாது, ஊதினால் நகரும். நம்முடைய அலுமினிய ஒரு பைசா, இரண்டு பைசாக்களைக் கையாண்டவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். கீழே விழுந்தால் ஒலிக்காமல் உரசும். மேற்கு ஜெர்மானியர்கள் ‘அலுமினியச் சில்லுகள்’ என்று இளக்காரமாகச் சொன்னார்கள். நான் அந்த இளக்காரத்தை ஏற்கவில்லை. அந்தச் சில்லு ஐந்து ஃபெனிக்குக்குப் பல பத்தாண்டுகள் ஒரு சிறு ரொட்டி கிடைத்தது. விலை ஏறவே இல்லை. மானியம் கொடுத்து அரசு பிடித்து வைத்திருந்தது. பெர்லின் நகர ரயிலுக்கு 20 ஃபெனிக். உள்ளூர்த் தொலைபேசிக்கும் 20 ஃபெனிக்.

அந்த 20 ஃபெனிக் 1969இல் வந்தது, பித்தளையில். காரணம் எளிது: தானியங்கிப் பெட்டிகளுக்கும் தொலைபேசிக்கும் எடையுள்ள காசு வேண்டும், அலுமினியம் போட்டால் பெட்டிக்கு உறைக்காது. எடை 5.4 கிராம். அதே நாட்டின் 50 ஃபெனிக் 2 கிராம், இரண்டு மார்க்கே 3 கிராம்தான். பத்து மடங்கு மதிப்புள்ள காசைவிடக் கனமான சில்லறை! கிழக்கு ஜெர்மனியின் ஆல்பத்தில் இந்த ஒரு காசு மட்டும் பக்கத்தைக் கீழே இழுக்கும்.

என்னிடம் இருப்பது வாளியில் எடுத்தது அல்ல. 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பிய தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவர், இப்போது ஓய்வுபெற்றவர், என் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் ஒரு தீப்பெட்டியோடு வந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் பித்தளை. “இந்த நாட்டில நான் தொட்ட முதல் காசு இதுதான், தம்பி. ரெயிலுக்கு மாத்தினது, ஒண்டு மிஞ்சிப் போச்சு” என்றார். கிழக்குப் பணத்தை வெளியே கொண்டுவருவது அன்று குற்றம். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. வாங்க மறுத்தேன். “எனக்குப் பிறகு பிள்ளையள் எறிஞ்சு போடுவினம். உம்மட்ட இருந்தால் கதை இருக்கும்” என்றார். ஆண்டு 1971. கண்காட்சித் தரம் இல்லை. விற்பனைக்கும் இல்லை.

*

சார்லாண்ட்: போருக்குப் பின் பிரான்ஸ் தன் பொருளாதாரத்தோடு இணைத்துக்கொண்ட நிலக்கரிப் பகுதி. 1954, 1955இல் அதற்கெனத் தனிக் காசுகள் பாரிஸில் அச்சாயின. 10, 20, 50, 100 ஃபிராங்கன். பணம் பிரெஞ்சு, எழுத்து ஜெர்மன். 1957இல் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. மார்க் வந்தது 1959 ஜூலையில். நான்கு காசில் தொகுதி முழுமை பெற்றுவிடும். தொடங்குகிறவர்களுக்கு நல்ல பயிற்சி.

*

செல்லப்பெயர்கள். 10 ஃபெனிக்குக்குக் குரோஷன் என்று பெயர். தொலைபேசிக் கூண்டுக்குள் போகிறவர் ‘இரண்டு குரோஷன் இருக்கிறதா’ என்று கேட்பார். பெர்லினில் 5 ஃபெனிக்கை ‘ஆறுக்காசு’ என்று சொல்வார்கள். ஐந்தை ஏன் ஆறு என்றார்கள்? பழைய கணக்கில் அரைக் குரோஷன் ஆறு ஃபெனிக்காக இருந்தது. கணக்கு மாறி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் நாக்கு மாறவில்லை. நாம் இருபத்தைந்து பைசாவை நாலணா என்று சொல்லிக்கொண்டிருந்ததுபோல.

கல்யாணத்துக்கு வேண்டிய செருப்பை மணப்பெண் ஃபெனிக் ஃபெனிக்காகச் சேர்த்து அந்தக் காசைக் கொட்டியே வாங்குவது ஒரு வழக்கமாக இருந்தது. சிக்கனத்துக்கும் நிலைத்த மனத்துக்கும் அடையாளம். சந்தையில் ஒரு மூதாட்டி என்னிடம் விற்ற ஜாடியில் ஒரு ஃபெனிக் காசுகள் மட்டும் இருந்தன, எல்லாம் 1950. செருப்புக்காகவா என்று கேட்டேன். ஆமாம், அவர் அக்காவுக்கு. வாங்கவே இல்லை என்றார். மேலே கேட்கவில்லை. அந்த ஜாடியை நான் பிரிக்கவில்லை. மூடியோடு அலமாரியில் இருக்கிறது.

*

காப்பது பற்றி, பட்டுத் தெரிந்தவை. துத்தநாகக் காசை வினிகரில் ஊறவைத்தேன், தொடக்க காலத்தில். நுரைத்தது, வெளியே எடுத்தபோது கழுகின் இறகுகள் போயிருந்தன. அந்த 5 ரைக்ஸ்ஃபெனிக் எண்பது ஆண்டு தாங்கியது, என்னிடம் கால் மணி நேரம் தாங்கவில்லை. வெள்ளைப் பொடி பூத்தாலும் பரவாயில்லை, உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும்.

மெத்தென்ற, கடுமையான வாசம் வீசும் பிளாஸ்டிக் உறை வேண்டாம். நான் வாங்கிய ஒரு ஆல்பம் இரண்டு கோடையில் வெண்கலக் காசுகளின் மேல் பச்சைப் பிசினைக் கக்கியது. இப்போது காகித அட்டைச் சட்டம்தான். அலுமினியத்தை ஒன்றன்மேல் ஒன்று போடவே கூடாது. பக்கத்துக் காசே அதைக் கீறிவிடும். பிடிக்கும்போது விளிம்பைப் பிடிக்கவேண்டும்.

*

1990.

ஜூலை முதல் தேதி மேற்கு மார்க் கிழக்குக்கு வந்தது. நோட்டுகளை லாரியில் ஏற்றிவிட்டார்கள், சில்லறை போதவில்லை. 1948இல் நடந்ததே மறுபடியும். ஆகவே கிழக்கின் அலுமினியச் சில்லறை, 50 ஃபெனிக்வரை, ஓராண்டு காலம் செல்லும் என்றார்கள். நாடே அந்த அக்டோபரில் மறைந்தது. அதன் காசு 1991 ஜூன் முடியும்வரை ரொட்டிக்கடையில் ஓடியது. இந்த முறை பத்தில் ஒன்று இல்லை, முழு மதிப்பு. மேற்கு மண்ணில் நாட்டுக்கு முன்பே காசு வந்தது. கிழக்கில் நாட்டுக்குப் பின்னும் காசு இருந்தது.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு காசுகளை அருகருகே வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரு ஃபெனிக். இரண்டிலும் ஆண்டு 1990. இரண்டிலும் ஏ என்ற எழுத்து. ஒன்று முக்கால் கிராம் அலுமினியம், சுத்தியலும் கவராயமும். மற்றது இரண்டு கிராம், செம்பு முலாம், ஓக் கன்று. நாற்பது ஆண்டுகளாகக் கிழக்கின் காசை அடித்த பெர்லின் நாணயச்சாலை அதே ஆண்டில் மேற்கின் காசையும் அடிக்கத் தொடங்கியது. எழுத்தை மாற்றவேண்டிய அவசியமே எழவில்லை. இரண்டுக்கும் சேர்த்து நான் கொடுத்தது ஒரு யூரோவுக்கும் குறைவு.

*

மார்க் 2001 டிசம்பர் 31 அன்று சட்டப்படி முடிந்தது. 2002 பிப்ரவரி இறுதிவரை கடைகள் வாங்கின. ஆனால் ஜெர்மன் மத்திய வங்கி இன்றும் மாற்றித் தருகிறது, காலக்கெடு இல்லாமல், 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ என்ற கணக்கில். சுமார் 1,200 கோடி மார்க் இன்னும் திரும்பவில்லை. ஜாடிகளிலும் சோபா மடிப்புகளிலும் என்னைப் போன்றவர்களின் ஆல்பங்களிலும் கிடக்கின்றன.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஜெர்மனியில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியப்பா, அங்கே குடியேறிய சித்தி, கப்பலில் போய்வந்த தாத்தா என்று யாராவது ஒருவர் கொண்டுவந்து போட்ட சில்லறை பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். தேடி எடுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், கழுவவே வேண்டாம். ஆண்டையும் அந்தக் கடுகளவு எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு ஃபெனிக்காக இருந்தால் காந்தம் வையுங்கள். 50 ஃபெனிக் கிடைத்தால் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். மண்டியிட்டிருக்கும் பெண்ணின் பெயர் கெர்டா.